சௌரங்கியின் கண்ணாடித் தகடுகள்

சம்மணமிட்டு, கைகளைக் கோத்து மடியில் வைத்தபடி ராமகிருஷ்ண பரமஹம்சர் அமர்ந்திருக்கும் படம் தமிழ்நாட்டுப் பூஜையறைகள் பலவற்றிலும் இருக்கிறது. தட்சிணேஸ்வரத்தில் அதை எடுத்த அபினாஷ் என்ற இளைஞர், கொல்கத்தாவின் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோவில் தொழில் பழகியவர். கண்ணாடி நெகட்டிவ் கைதவறி விழுந்து ஓரம் உடைந்தது. உடைசல் தெரியாதபடி, உருவத்துக்குப் பின்பகுதியை அவர் அரைவட்டமாக வெட்டினார். தலைக்குப் பின்னால் தெரியும் வளைவு அப்படி வந்ததுதான்.

அந்தக் கைத்திறன் வளர்ந்த பட்டறையின் கதை பெரியது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வங்கி எழுத்தராக இருந்த சாமுவேல் போர்ன் 1863-இல் இந்தியா வந்தார். கண்ணாடித் தகட்டில் கொலோடியனைச் சீராகப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, அங்கேயே கழுவ வேண்டிய காலம் அது. கொஞ்சம் தாமதித்தாலும் தகடு பாழ். அதனால் இருட்டறையும் கூடவே போக வேண்டும். 1866-இல் ஏறத்தாழ 80 பேர் கூடாரத்தையும் தகடுகளையும் ரசாயனப் புட்டிகளையும் சுமக்க, போர்ன் இமயமலை ஏறினார். மணிரங் கணவாயில், சுமார் 18,600 அடி உயரத்தில் படம் எடுத்தார். சுமந்தவர்களின் பெயர் எந்தப் படத்தின் கீழும் இல்லை. அவர்கள் இல்லாமல் அந்தப் படங்களும் இல்லை.

1870-இல் போர்ன் ஊர் திரும்பிய பிறகும் அவர் பெயர் தாங்கிய ஸ்டுடியோ வளர்ந்தது. 1911 டெல்லி தர்பாரைப் படமெடுத்ததும் இந்த நிறுவனம்தான்.

1991-இல் கொல்கத்தாவின் சௌரங்கிப் பகுதியில் இருந்த ஸ்டுடியோ கட்டடத்தில் பிடித்த தீ, நெகட்டிவ் சேமிப்பின் பெரும்பகுதியை அழித்தது. கட்டடம் தொடர்பான வழக்கிலும் நிறுவனம் தோற்றது. டிஜிட்டல் கேமரா வந்தபின் வாடிக்கையாளர்களும் குறைந்தார்கள். 2016 ஜூனில் ஸ்டுடியோவை மூடினார்கள்.

பழியை முழுக்க டிஜிட்டல் மீது போடுவது நியாயமில்லை. ஆனால் தகட்டுக்கும் ஃபிலிமுக்கும் காசு செலவான வரை, படமெடுப்பவர் வெளிச்சத்தையும் முகத்தையும் நின்று நிதானித்துப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. இன்று ஒரே கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்துக் குவிக்கிறார்கள். சுமாரானதை ஒதுக்கும் கண்டிப்பு போய்விட்டது. தொழிலின் தரம் சரிந்தது அந்த இடத்தில்தான்.

அப்படி நிதானித்து எடுத்த காலத்துத் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி மின்வடிவில் சேமிக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. உங்கள் ஊர் ஸ்டுடியோவின் பரணில் நெகட்டிவ் பெட்டி கிடந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போகுமுன் அப்படிப்பட்ட ஆவணக் காப்பகம் ஒன்றுக்குத் தகவல் சொல்லுங்கள்.