ஊசி போடக் கத்துக்கொடுக்கணுமா? நர்ஸிங் டீச்சர் ஆகலாம் வாங்க!

நர்ஸிங் படிச்சா வார்டு டியூட்டி, இல்லைன்னா ஃபாரின். நம்ம ஊர்ல பலருக்கும் தெரிஞ்ச கணக்கு இவ்வளவுதான். மூணாவதா ஒரு வழி இருக்கு... நர்ஸ்களை உருவாக்குற டீச்சர் வேலை.

இது புது வேலையும் இல்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் நர்ஸிங் பள்ளியைத் தொடங்கியது 1909-ல். அதே வேலூரிலும் டெல்லியிலும் 1946-ல் பி.எஸ்சி நர்ஸிங் பட்டப்படிப்பே வந்துவிட்டது.

ரூட் சிம்பிள். பி.எஸ்சி நர்ஸிங் 4 வருஷம். மாநில கவுன்சிலில் பதிவு. ஒரு வருஷ வேலை அனுபவத்தோடு, பி.எஸ்சி-யில் 55% மார்க் இருந்தால் எம்.எஸ்சி 2 வருஷம். குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம் என ஏதாவது ஒரு சிறப்புப் பாடம் எடுக்கலாம். டிப்ளமோ நர்ஸிங் முடிச்சவங்க முதலில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படிக்கணும். டியூட்டராகத் தொடங்கி, உதவிப் பேராசிரியர், பேராசிரியர், பிரின்சிபால் வரை போகலாம். சம்பளம்? தனியார் கல்லூரிகளில் ஆரம்பம் சுமார்தான். ஃபாரின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கடுப்பாகும்.

'நைட் டியூட்டியிலிருந்து தப்பிக்கலாம்' என்று மட்டும் நினைச்சு இதுக்கு வராதீங்க. வகுப்பறையைவிட வார்டில்தான் இந்த வேலையின் கஷ்டமே. பொம்மைக் கையில் பத்து முறை ஊசி போட்ட ஸ்டூடன்ட்டுக்கு, நிஜ நோயாளி முன்னால் கை நடுங்கும். சரியான நோயாளியா, சரியான மருந்தா, அளவு, நேரம், செலுத்தும் வழி எல்லாம் சரியா... ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று பார்க்கணும். தப்பு நடந்தால் அடிபடுவது நோயாளி. அதுக்காக எல்லார் முன்னாடியும் சிரிஞ்சைப் பிடுங்கினால், அந்தப் பொண்ணு அடுத்த முறை ஊசியைத் தொடவே பயப்படும்.

பயம்னு சொன்னதும் முக்கியமான ஒண்ணு. நோயாளிக்குப் போட்ட ஊசி ஸ்டூடன்ட்டின் விரலில் குத்திவிடுவது உண்டு. உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவணும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. ஹெச்.ஐ.வி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இருக்காது. 'மேடம் திட்டுவாங்க' என்று ஸ்டூடன்ட் மறைச்சுட்டா, அந்த நேரம் சும்மா ஓடிடும். அதனால், கோபக்கார டீச்சர் என்பது இங்கே வெறும் குணப் பிரச்னை இல்லை, பாதுகாப்புப் பிரச்னை.

தமிழ் மீடியத்திலிருந்து வந்து இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து முழிப்பவர், ஹாஸ்டலில் அழுபவர், தான் பார்த்துக்கொண்ட நோயாளி இறந்த அன்று சாப்பிடாமல் இருப்பவர்... இவர்கள் எல்லாம் முதலில் தேடி வருவது உங்களிடம்தான். எல்லாவற்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கணும்னு இல்லை. கவுன்சலரிடம் எப்போ அனுப்பணும்னு தெரிஞ்சா போதும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ போனில் சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

வேலைக்குச் சேரும் முன் கல்லூரியில் ஒரு கேள்வி கேளுங்க: 'ஒரு டீச்சருக்கு எத்தனை ஸ்டூடன்ட்ஸ்?' இந்திய நர்ஸிங் கவுன்சில் சொல்வது 10 பேருக்கு ஒருவர். வார்டில் 30 பேரை உங்கள் தலையில் கட்டுவோம் என்றால், வேறு கல்லூரி பாருங்க.