ஒரு நம்பர்ல போச்சு

போன வாரம் சாயங்காலம் கும்மிடிப்பூண்டி லோக்கல்ல வந்துட்டிருந்தேன். மீஞ்சூர் தாண்டினதும் கூட்டம் குறைஞ்சு உட்கார இடம் கிடைச்சது. பக்கத்துல ஒரு பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும். கழுத்துல கம்பெனி அடையாள அட்டை, சிப்காட்ல நைட் ஷிப்ட் போல. கையில போன். திரையில மூணு சக்கரம் சுத்துது. தொடறான், சுத்துது, நிக்குது. மறுபடியும் தொடறான். பொன்னேரி விட்டு கவரப்பேட்டை வர்றதுக்குள்ள நாற்பது தடவைக்கு மேல எண்ணிட்டேன். ரெண்டு 7 வந்து மூணாவது இடத்துல வேற எதுவோ நின்னப்ப, "ச்சே, ஒண்ணுல போச்சு"ன்னான்.

அந்த வார்த்தை என்னை நேரா 1996க்குக் கொண்டு போயிடுச்சு. அப்ப எங்க ஷிப்ட்ல ஃபிட்டரா இருந்த ஒரு அண்ணன் தினமும் இதைத்தான் சொல்வார். "ஒரு நம்பர்ல போச்சுடா தம்பி."

அவர் கதைக்கு முன்னாடி லாட்டரி கதையைக் கொஞ்சம் பார்த்துடலாம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது.

இந்தியாவில் மாநில அரசு லாட்டரியை முதலில் ஆரம்பித்தது கேரளா. 1967 நவம்பர் 1ந் தேதி டிக்கெட் விற்பனைக்கு வந்தது. விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். குலுக்கல் எப்போ தெரியுமா? 1968 ஜனவரி 26. கிட்டத்தட்ட மூணு மாசம் காத்திருக்கணும். அதே 1968ல் அண்ணா முதல்வரா இருந்தப்ப தமிழ்நாட்டிலும் அரசுப் பரிசுச் சீட்டு வந்தது. அந்தக் காலத்து ஆளுங்க ஒரு டிக்கெட் வாங்கி சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சுட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. ஆசை இல்லாம இல்ல. ஆனா அந்த ஆசையால ஒரு நாளைக்கு நூறு தடவை கையை நீட்ட முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, காத்திருக்கிற நேரம் சுருங்கிக்கிட்டே வந்தது. மாசக் கணக்கு வாரமாச்சு. சிக்கிம், பூட்டான், நாகாலாந்து, மேகாலயான்னு வெளி மாநில, வெளிநாட்டு டிக்கெட் எல்லாம் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல தொங்க ஆரம்பிச்சது. நாளுக்கு நாலஞ்சு குலுக்கல். நடுவுல சுரண்டல் லாட்டரி வேற. வாங்கின இடத்துலயே நகத்தால சுரண்டி, அங்கேயே தெரிஞ்சுக்கலாம். (அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில லாட்டரி 1974லேயே இதை ஆரம்பிச்சாச்சு.) கடைசியா ஒரு நம்பர் லாட்டரி. கடைசி இலக்கம் மட்டும் பொருந்தினா போதும். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.

என் கணக்குல, தமிழ்நாட்டுக்கு ஸ்லாட் மெஷின் வரவே தேவையிருக்கல. மெஷின் இல்லாமலே அதை நாம செஞ்சுட்டோம்.

அந்த மெஷினை சான் பிரான்சிஸ்கோவில் 1890கள்ல செஞ்சவர் சார்லஸ் ஃபே. மூணு சக்கரம், ஒவ்வொண்ணுலயும் 10 இடம், மொத்தம் 1000 சேர்க்கை. அதுவாவது கண்ணுக்குத் தெரிஞ்ச கணக்கு. 1984ல் இங்கே டெல்னஸ் என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைச்சது. அதுக்கப்புறம் சக்கரம் எங்கே நிக்கணும்னு உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எண்தான் முடிவு பண்ணும். வெளியில ஒரு சக்கரத்துல 20 படம் தெரியுதுன்னு வைங்க. மூணு சக்கரத்துக்கு 8,000 சேர்க்கைன்னு நாம நினைப்போம். உள்ளே ஒவ்வொண்ணுக்கும் 64 இடம் வெச்சிருந்தா அது 2,62,144. அதுல பெரிய பரிசுப் படத்துக்கு மேலயும் கீழயும் இருக்கிற இடத்துக்கு அதிக எண்ணை ஒதுக்கிட்டா, பரிசு அடிக்கடி "கொஞ்சத்துல" தவறும். ரயில்ல அந்தப் பையன் பார்த்தது அதைத்தான். அவன் கிட்ட வரவே இல்ல, வந்த மாதிரி காட்டினாங்க.

இந்த "கொஞ்சத்துல போச்சு" மனசை என்ன பண்ணும்? 2009ல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் கூட இருந்தவங்களும் ஆடறவங்க மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க. ஜெயிக்கும்போது வேலை செய்யற பகுதிகள்ல சிலது, மயிரிழையில் தோற்கும்போதும் வேலை செஞ்சது. அதுக்கும் முன்னாடி 1957ல் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் எழுதின ஆராய்ச்சியில் வேற ஒண்ணு இருக்கு. புறா பட்டனைக் கொத்தினா தானியம் விழும். எத்தனை கொத்துக்கு விழும்னு தெரியாதபடி மாத்தி மாத்திப் போட்டா, புறா விடாம கொத்திக்கிட்டே இருக்கும். தானியத்தை நிறுத்தின பிறகும் ரொம்ப நேரம் கொத்தும். நம்ம வள்ளுவர் சூதுக்குன்னு ஒரு அதிகாரமே வெச்சு, அதுல முதல் குறள்லயே, ஜெயிச்சாக்கூட அது மீன் விழுங்கின தூண்டில் மாதிரின்னுட்டார். தோல்வியை விட்டுட்டு ஜெயிக்கிறதைச் சொன்னார் பாருங்க, அங்கேதான் விஷயம்.

அண்ணனுக்கும் அப்படித்தான். மாசம் ஒரு டிக்கெட் வாங்கிட்டிருந்தவருக்கு ஒரு நாள் 5,000 ரூபாய் விழுந்தது. கேண்டீன்ல எங்க எல்லாருக்கும் ஸ்வீட். அதுக்கப்புறம் ஒரு டைரி போட்டார். எந்த நாள் எந்த நம்பர் விழுந்ததுன்னு வரிசையா எழுதி, "7 வந்து பன்னிரண்டு நாளாச்சு, இன்னிக்கு வந்தே தீரணும்"பார். டிக்கெட்டைக் கடைக்காரர் கையால வாங்க மாட்டார், கட்டுல இருந்து தானே உருவுவார். 1975ல் எலன் லாங்கர் என்கிற உளவியல்காரர் இதையே சோதிச்சிருக்கார். 1 டாலர் டிக்கெட்டைத் திரும்ப வாங்கக் கேட்டப்ப, கொடுத்ததை வாங்கிக்கிட்டவங்க சராசரியா 2 டாலருக்குக் கொஞ்சம் கீழே கேட்டாங்க. தானே தேர்ந்தெடுத்தவங்க 8 டாலருக்கு மேல கேட்டாங்க. கை பட்டதும் அது "என் நம்பர்" ஆயிடுது.

நானும் அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, நீங்க 7 வெச்சிருந்து 6 விழுந்தா அது பக்கத்து நம்பர் இல்ல, அதுவும் தோல்விதான். பத்துல ஒண்ணு விழும். பத்துக்குப் பத்து திருப்பிக் கொடுத்தா நடத்தறவனுக்கு என்ன மிச்சம்?" சிரிப்பார். "விட்டதைப் பிடிச்சுட்டு நிறுத்திடறேன்டா." சம்பள நாள்ல அண்ணி ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு கம்பெனி கேட்டுல வந்து நிப்பாங்க, கவர் அவர் கைக்குப் போறதுக்கு முன்னாடி வாங்க. அவங்க கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும் இருந்ததை ஒரு நாள் கவனிச்சேன். அந்த மாசம்தான் பையன் ஃபீஸுன்னு என்கிட்ட 2,000 வாங்கியிருந்தார். அது எங்கே போச்சுன்னு கேட்க எனக்குத் தைரியம் வரல. கொடுத்திருக்கக் கூடாதுன்னு இன்னிக்கும் உறுத்தும்.

இதுல பார்லிமென்ட் 1998ல் போட்ட லாட்டரிச் சட்டம் ரொம்ப சுவாரசியம். ஒத்தை இலக்கத்துக்குப் பரிசு கூடாது, ஒரு லாட்டரிக்கு வாரத்துல ஒரு குலுக்கல்தான்னு எழுதினாங்க. இடைவெளிதான் மருந்துன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. ஆனா ஏழு பேர்ல ஏழு லாட்டரி நடத்தினா தினமும் குலுக்கல் வந்துடுமே. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தமிழ்நாட்டுல தடை பண்ணிடுச்சு. டிக்கெட் வித்துப் பிழைச்ச பல பேர், அதுல மாற்றுத் திறனாளிகள் நிறைய, திடீர்னு வேலையில்லாம நின்னாங்க. அதையும் சொல்லணும்.

அண்ணன்? ஒரு மாசம் தவிச்சார். ஸ்டேஷன் பக்கம் மூடின கடை முன்னாடி நின்னுட்டு வருவார். அப்புறம் சரியாயிட்டார். மூணு நம்பர்னு திருட்டுத்தனமா வந்ததைத் தேடிப் போகல. "என் மனசுக்கு நான் பூட்டு போடலடா, கடைக்கு எவனோ போட்டான்"னார். கடன் அடைய ஆறு வருஷம்.

இப்ப கடை பாக்கெட்டுக்குள்ள வந்துடுச்சு. தமிழ்நாட்டுல 2025 பிப்ரவரியில் ராத்திரி 12லேர்ந்து காலை 5 மணி வரைக்கும் பணம் வெச்சு ஆன்லைன்ல ஆடக் கூடாதுன்னு விதி வந்தது, ஜூன்ல ஹைகோர்ட் சரின்னுச்சு. ஆகஸ்ட்ல பார்லிமென்ட் பண ஆட்டம் மொத்தத்தையும் தடை பண்ணி சட்டம் போட்டது. ஆனாலும் எங்கிருந்தோ வர்ற ஆப் பையன் கையில சுத்துது.

மன உறுதி இருந்தா போதும்னு சொல்றவங்களை நான் நம்பறதில்ல. அண்ணன் உறுதியில்லாத ஆளா? பதினாறு மணி நேரம் ஓ.டி. பார்த்தவர். கட்டுப்பாடுங்கிறது ஆசைக்கும் கைக்கும் நடுவுல இருக்கிற நேரம். அதைச் சக்கரம் சுத்தறதுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணிக்கணும். சம்பளம் வீட்டு ஆள் கணக்குக்குப் போகட்டும், ஆட்டத்துக்குப் பணம் போற வழியை அடைச்சிடுங்க, கடன் கேட்டா அரிசியா வாங்கிக் கொடுங்க. "விட்டதைப் பிடிக்கணும்"னு வாயில வந்தாலே அன்னிக்கு ஆள் கையை விட்டுப் போயாச்சுன்னு அர்த்தம். பேச ஆள் வேணும்னா அரசோட டெலிமானஸ் 14416 இருக்கு, இலவசம்.

பையன்கிட்ட அண்ணன் கதையைச் சொன்னேன். பாதிதான் சொல்ல முடிஞ்சது, கும்மிடிப்பூண்டி வந்துடுச்சு. "அப்புறம் அவர் என்ன ஆனாரு சார்?"னு கேட்டுக்கிட்டே இறங்கினான். ரிட்டயர் ஆயிட்டார், பேரன் இருக்கான், இன்னும் பட்டன் போன்தான் வெச்சிருக்கார்னேன். ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு ஓடினான். போனை பாக்கெட்ல போட்டுக்கிட்டுத்தான் ஓடினான்.