எண்ணுக்குள் மறைந்த ஓர் ஓட்டம்

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடைபெற்ற இந்திய–ஆஸ்திரேலிய ஆட்டம், டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது 'டை'. ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. கூட்டினால் இரு அணிக்கும் 744. டீன் ஜோன்ஸ் 210, கபில்தேவ் 119, இரண்டாம் இன்னிங்ஸில் கவாஸ்கர் 90. கிரெக் மேத்யூஸ் 10 விக்கெட்.

திருவண்ணாமலையில் பொருளியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கையில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதுவேன். வெயிலில் வாந்தியெடுத்தபடி ஆடி, பின் மருத்துவமனைக்குச் சென்ற ஜோன்ஸின் வேதனை அந்த 210-இல் இல்லை. இறுதி ஓவரில் ரவி சாஸ்திரி எடுத்த ஒற்றை ஓட்டம் தோல்வியைத் தவிர்த்தது. ஆனால், வெற்றிக்கான பொறுப்பைக் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங்கிடம் ஒப்படைத்தது. அவர் எல்.பி.டபிள்யூ. ஆனார். ஆட்டமிழக்காமல் 48 என்ற பதிவில் அந்தத் தீர்மானம் தெரிவதில்லை.

இதைப் பாடமாக நடத்திய நானே, மதிப்பெண் பட்டியலை மட்டும் கொண்டு மாணவர்களை எடைபோட்டிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகே அது உறைக்கிறது.