பைத்தானைத் தூக்கினேன், டெஸ்க்டாப்பே போச்சு!

ப்ளஸ் டூ படிச்சவங்களுக்கு அரசு லேப்டாப் கொடுத்த காலம். திட்டம் ஆரம்பிச்சது 2011 செப்டம்பர்ல. என் கைக்கு வந்தது 2014ல. உள்ளே ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் பாஸ் லினக்ஸ். சி-டாக் 2007ல வெளியிட்டது, டெபியனை அடிப்படையா வெச்சு செஞ்சது.

ஊரு கூடலூர். வீட்டுல நெட் கிடையாது. படம் பார்க்க விஎல்சி வேணும்னு கம்பத்துக்கு பஸ் ஏறி, பிரவுசிங் சென்டர்ல ஒரு டெப் ஃபைலை பென்டிரைவ்ல இறக்கிட்டு வந்தேன். 'டிபிகேஜி -ஐ' அடிச்சா, இன்னொரு பேக்கேஜ் இல்லைங்குது. மறுபடி கம்பம். அதுக்கு இன்னும் ரெண்டு வேணுமாம். மூணு தடவை பஸ் சார்ஜ் அழுதேன் :)

இந்த அவஸ்தைக்கு வரலாறு உண்டு. இயன் மர்டாக் 1993ல டெபியனைத் தொடங்கினார். அடுத்த வருஷம் டிபிகேஜி வந்தது. அதை சி மொழியில திருப்பி எழுதினவர் இன்னொரு இயன், இயன் ஜாக்சன். 1995ல ரெட் ஹேட்காரங்க ஆர்பிஎம் கொண்டு வந்தாங்க. ரெண்டுக்குமே 'இது இல்லாம அது ஓடாது'ன்னு சொல்லத் தெரியும். ஆனா போய் எடுத்துட்டு வரத் தெரியாது. அலையறது நம்ம வேலை.

அந்த அலைச்சலைத் தீர்த்தது ஆப்ட். 1998ல எட்டிப் பார்த்து, 1999 மார்ச்ல டெபியன் 2.1 கூடவே வந்தது. எங்க ஊர் பாஷையில சொன்னா, பெரியாறு அணைத் தண்ணி வாய்க்கால் வழியா வயலுக்கே வர்ற மாதிரி. குடத்தைத் தூக்கிட்டு லோயர் கேம்ப்புக்கு நடக்க வேண்டாம். 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்'னு சொன்னா, துணைக்கு வேண்டியதையும் சேர்த்து அதுவே இழுத்துட்டு வந்துடும்.

ஆனா இழுத்துட்டு வரத் தெரிஞ்சதுக்கு, இழுத்துட்டுப் போகவும் தெரியும்ல?

டிஸ்க்ல இடம் பத்தலை. லிஸ்ட்ல பைத்தான்னு ஒண்ணு. நமக்கு சிலபஸ்ல சி++ தானே, இது எதுக்குன்னு 'ஆப்ட்-கெட் ரிமூவ்' அடிச்சேன். திரை நிறைய பேர்கள் ஓடுச்சு. படிக்கலை. 'ஒய்' தட்டினேன். ரீஸ்டார்ட் பண்ணா கறுப்புத் திரை. பைத்தானை நம்பியிருந்த டெஸ்க்டாப் மொத்தமும் கூடவே கிளம்பிடுச்சு. அப்பாகிட்ட சொல்லாம ரெண்டு நாள் தூக்கமே இல்லை.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர், இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்தார். தன் வீட்டு பிராட்பேண்ட் ஒயரைச் செருகி, '/வார்/லாக்/ஆப்ட்' உள்ளே ஹிஸ்டரி ஃபைலைத் திறந்தார். நான் கழட்டினது எல்லாம் பேர் பேரா அதுல இருந்துச்சு. அந்த லிஸ்ட்டையே திருப்பி இன்ஸ்டால் பண்ணார். ராத்திரி பத்து மணிக்கு டெஸ்க்டாப் வந்தது.

"லிஸ்ட்டைப் படிக்காம ஒய் அடிக்காதடா தம்பி"ன்னார். அவ்வளவுதான்.

2021ல யூடியூபர் லினஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ்ல ஸ்டீம் போடப் போய், எச்சரிக்கையைத் தாண்டி டெஸ்க்டாப்பையே இழந்தார். பார்த்தப்போ சிரிப்பு வரலை, கூடலூர்தான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஆப்ட்டும் இந்த விஷயத்துல கெடுபிடியாயிடுச்சு.

இன்னைக்கு ஆபீஸ்ல சர்வர்ல ரிமூவ் அடிக்கும்போது, முதல்ல '-எஸ்' போட்டு ஒத்திகை பார்த்துட்டுத்தான் நிஜமா அடிக்கிறேன். நீங்க எதைத் தூக்கப் போய் எதை இழந்தீங்க? சொல்லுங்க, சேர்ந்து அழலாம் ;)