அப்பத்தாவும் புயலும் கொஞ்சம் கார்ட்டிசாலும்

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன் மக்களே. நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். மருத்துவர்கள் யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா, தப்பு இருந்தா தலையில குட்டிட்டுப் போங்க :-)

2020 டிசம்பர் முதல் வாரம். கொரோனா புண்ணியத்துல உச்சிப்புளி வீட்ல இருந்தே வேலை. புரெவி புயல் வலுவிழந்து, கரை ஏறாம, ராமநாதபுரத்துக்குப் பக்கத்துல மன்னார் வளைகுடாவிலேயே சட்டமா உக்காந்துக்கிச்சு. அன்னிக்கு ராத்திரி பார்த்து எனக்கு ஒரு ரிலீஸ். கரண்ட் இல்ல, நெட் இல்ல. நெஞ்சு படபடங்குது, உள்ளங்கை வேர்க்குது. வெளிய வந்து பார்த்தா அப்பத்தா சுவத்துல சாய்ஞ்சு முழிச்சுட்டு இருக்கு. மடியில மஞ்சப்பை. உள்ள ரேஷன் கார்டு, ஒரு சேலை, தீப்பெட்டி.

"படு அப்பத்தா, பலமான புயல் இல்லையாம்."

"அன்னிக்கும் இப்படித்தான்யா இரைஞ்சுச்சு."

அன்னிக்குன்னா 1964 டிசம்பர் 22. பாம்பன்ல இருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பின 653ஆம் நம்பர் பாசஞ்சரை, நூறு பேருக்கு மேல உள்ள இருக்க, அலை வாரிக்கிட்டுப் போன ராத்திரி. தனுஷ்கோடி வாழத் தகுதியில்லாத ஊர்னு அரசாங்கமே அறிவிச்சது. பாம்பன் பாலத்துல பெரும்பாலான கர்டர்கள் காலி. ஸ்ரீதரன் (ஆமா, பின்னாடி மெட்ரோ ரயில்னு பேர் வாங்கினவரேதான்) 46 நாள்ல அதை நிமித்தினார். எங்க பக்கம் எல்லாரும் பெருமையா சொல்ற கதை. உசுரோட தப்பிச்சவங்க உடம்பு எத்தனை நாள்ல நிமிந்துச்சுன்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஹார்வர்டுல வால்டர் கேனன்னு ஒருத்தர். எக்ஸ்ரேல பூனையோட வயிறு சோறு செரிக்கறதைப் பார்த்துக்கிட்டிருந்தார். பூனை மிரண்டா வயிறு அசையறது டக்குனு நின்னுடுது. அப்புறம் பூனை முன்னாடி நாயைக் குரைக்க விட்டு ரத்தத்தைச் சோதிச்சா, அதுல அட்ரீனலின். 1915ல புத்தகமா எழுதினார். சண்டை போடு, இல்ல ஓடு. அதுக்குத்தான் உடம்பு தயாராகுதுன்னார். செரிமானத்தை அப்புறம் பார்த்துக்கலாம், இப்ப ரத்தமெல்லாம் கைகாலுக்குப் போகட்டும்.

அடுத்து மாண்ட்ரியல்ல ஹான்ஸ் செல்யே. புது ஹார்மோன் ஒண்ணு தேடி எலிகளுக்கு ஊசி போட்டார். அட்ரீனல் வீங்குது, தைமஸ் சுருங்குது, வயித்துல புண். ஆஹா சிக்கிடுச்சுன்னு குதிச்சா, ஃபார்மலினைப் போட்டாலும் அதே. குளிர்ல வச்சாலும் அதே. என்ன இன்புட் குடுத்தாலும் ஒரே அவுட்புட்! நாமளா இருந்தா கோடு தப்புன்னு தூக்கிப் போட்டிருப்போம். மனுசன் அதையே கண்டுபிடிப்பாக்கி, 1936ல நேச்சர் இதழ்ல ஒரு பக்கம்கூட வராத கடிதமா எழுதிட்டார். ஸ்ட்ரெஸ்ங்கற பேரெல்லாம் பின்னாடி வந்தது. (இதே செல்யே பிற்காலத்துல சிகரெட் கம்பெனிக் காசு வாங்கினது தனிக் கதை.)

அட்ரீனலின் நொடியில வந்துட்டுப் போயிடும். கார்ட்டிசால் நிதானமா வரும், உச்சத்துக்கு அரைமணி வரைக்கும் ஆகலாம். சர்க்கரையை ஏத்தும், நோய் எதிர்ப்பை அடக்கும். ஒரு ராத்திரி நீந்தித் தப்பிக்க அருமையான ஏற்பாடு. வருசக்கணக்கா நீண்டா பிரஷர், சர்க்கரை, தூக்கமின்மைன்னு ஒவ்வொண்ணா வரிசை கட்டும். ரிலீஸுக்கும் புயலுக்கும் உடம்புல அடிக்கிற மணி ஒண்ணுதான்.

அப்ப அப்பத்தாவுக்குக் கார்ட்டிசால் எக்கச்சக்கமா இருக்கணுமேன்னு நினைச்சேன். தேடிப் படிச்சா குழப்பம். பேரழிவுல தப்பிச்சு, அந்த பயம் விடாம இருக்கறவங்கள்ல பலருக்கு அது குறைவா இருந்ததா சில ஆய்வுகள், அப்படியெல்லாம் இல்லைன்னு சில ஆய்வுகள். இந்த நிலைக்கு பி.டி.எஸ்.டி.ன்னு அமெரிக்க மனநல மருத்துவர்கள் பேர் வச்சதே 1980ல. 2004 சுனாமிக்கு அப்புறம் நிம்ஹான்ஸ் ஆளுங்க தமிழ்நாட்டுக் கடலோரம் வந்து பாதிக்கப்பட்டவங்ககிட்ட பேசினாங்க, உள்ளூர்க்காரங்களுக்கும் பேசக் கத்துக்குடுத்தாங்க. அப்பத்தாவுக்கு அப்பவே நாப்பது வருசம் கடந்திருந்துச்சு.

2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் திறந்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு ரயில்ல ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போனேன். பாலத்துல ஏறினதும் பேச்சை நிறுத்திடுச்சு. மஞ்சப்பையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. நான் எதுவும் கேக்கல. பாலம் தாண்டினப்புறம்தான் வாயைத் தொறந்து, "ஒரு டீ வாங்குய்யா"ன்னுச்சு.