எழுந்து நடக்கும் உரிமை

வெருகலாற்றை அடுத்த ஈச்சிலம்பற்றுப் பகுதியில், குடிசையொன்றின் மண்சுவரில் செயற்கைக் கால் ஒன்று தொங்குவதை நாம் கண்டோம். போர்க்காலத்தில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த விவசாயி ஒருவருக்குக் கிடைத்தது அது. அதில் பழுது எதுவுமில்லை, தேய்மானமும் இல்லை. ஆயினும் அவர் ஊன்றுகோல்களின் துணையுடனேயே முற்றத்துக்கு வந்தார். ஏன் அதை அணிவதில்லை என்று வினவினோம்.

“முழங்கால் நிமிருதில்ல, சேர். மடிஞ்சபடியே இறுகிப் போச்சு. பிறகு அத எப்படிப் போடுற?” என்றார்.

அவர் கூற்றில் மருத்துவ உண்மை ஒன்று உண்டு. காலிழந்தவர் வலிக்கு அஞ்சி எஞ்சிய பகுதியை மடித்தே வைத்திருப்பாராயின், மடக்கும் தசைகள் நாளடைவில் குறுகி இறுகிவிடும். அதனை நாள்தோறும் நீட்டிப் பழக்க வேண்டும். வீக்கம் வற்றி வடிவம் பெறுமாறு துணிப்பட்டையால் முறையாகச் சுற்ற வேண்டும். தலையணையை முழங்காலின் கீழ் வையாதீர் என்று சொல்ல ஒருவர் வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் உயிரைக் காத்தார். கம்மியர் காலைச் செய்தார். இவ்விரண்டுக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய இரு கைகள் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கைகளின் சரித்திரத்தையே இங்கே நோக்க விழைகிறோம்.

நம் கிராமங்களுக்கு இக்கலை முற்றும் புதிதன்று. முறிவு நெரிவு வைத்தியர் மூங்கிற்பட்டை வைத்துக் கட்டியும், எண்ணெயிட்டு நீவியும் தலைமுறை தலைமுறையாக மக்களைப் பேணி வந்தனர். மேலைநாட்டிலும் இத்தொழில் நீவுதலிலிருந்தே வளர்ந்தது. 1894ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நான்கு தாதியர் ஒன்றுகூடி, பயிற்சி பெற்ற நீவுநர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். இன்று இயன் மருத்துவம் என நாம் வழங்கும் துறைக்கு அந்நாட்டில் இட்ட அடித்தளம் அது.

அத்தொழிலை வளர்த்தவை போரும் கொள்ளைநோயுமே. 1916இல் நியூயோர்க் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. முதலாம் உலகப் போரோ ஊனமுற்ற போர்வீரர்களைப் பெருந்தொகையாக வீடு திருப்பியது. அவர்களை மீண்டும் எழுப்பி நிறுத்த அமெரிக்க இராணுவம் பெண்களைப் பயிற்றி வேலைக்கு அமர்த்தியது. பிற்காலத்தில் ஆஸ்திரேலியத் தாதி எலிசபெத் கென்னி, வாதம் கண்ட கைகால்களை அசையாது கட்டிவைக்கும் வழக்கத்தை எதிர்த்தார். வெந்நீரில் தோய்த்த கம்பளித் துண்டுகளால் ஒற்றடமிட்டு, தசைகளை அசைத்துப் பழக்கினார். மருத்துவ உலகின் எதிர்ப்பிடையே அம்முறை பரவிற்று.

முள்ளந்தண்டு முறிந்தவர் நிலையோ இன்னும் கொடியது. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் அவர்கள் விரைவில் மடிவர் என்பதே அக்கால நம்பிக்கை. நாஜிக் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் இந்நம்பிக்கையைத் தகர்க்கத் தொடங்கினார். அவர் கையாண்டது அரிய மருந்தன்று. இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தல், தோளையும் கையையும் வலுப்படுத்தல், விளையாட்டு ஆகியவையே அவருடைய கருவிகள். 1948ஆம் ஆண்டு ஜூலை 29இல் சக்கர நாற்காலியில் அமர்ந்து 16 பேர் அங்கே வில்லெய்தனர். இன்றைய பராலிம்பிக் போட்டிகளின் வித்து அதுவே.

தமிழ்நாட்டிலும் இவ்வரலாற்றுக்கு ஓர் ஒளிமிக்க ஏடு உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போல் பிராண்ட் என்னும் மருத்துவர், தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தினார். வேறிடத்துத் தசைநாரை எடுத்து விரலோடு இணைத்தபின், அந்தத் தசைக்குப் புதுவேலையைக் கற்பிக்கப் பல வாரப் பயிற்சி வேண்டும். இன்றேல் கத்தியின் வேலை வீணாகும். அக்கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் மோட்டார் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அவர் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அவரது முயற்சியால் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

1968இல் ஜெய்ப்பூரில் நிகழ்ந்ததோ உழைப்பாளி வர்க்கம் பெருமைகொள்ளத் தக்கது. மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்தை வேண்டிற்று, சேற்று வயலில் இறங்க உதவவில்லை, குந்தியிருக்கவும் விடவில்லை. மருத்துவர் பி. கே. சேத்தியும், அதிகம் பள்ளி காணாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பர்ப் பாதமொன்றை ஆக்கினர். வெறுங்காலோடு நடக்கும் உழவனின் வாழ்வே அதன் அளவுகோலாயிற்று. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்க் கால் நிலையம் தொடங்கப்பெற்றது. போர் காலைப் பறித்த பலருக்கு அது கால் கொடுத்தது.

இத்தனை பேரும் நிகழ்த்திய அருஞ்செயல்களின் பின்னே, நாள்தோறும் நோயாளியோடு நின்று ‘இன்னும் ஒருமுறை’ என்று ஊக்கும் ஒரு பணியாளர் இருக்கிறார். அவருக்கெனத் தனிக் கல்வியும் தகுதியும் வகுத்த நாடு அமெரிக்கா. இயன் மருத்துவ உதவியாளரின் முதல் அணி அங்கே 1969இல் படித்து வெளியேறியது. நோயை நிருணயிப்பதும் திட்டம் வகுப்பதும் இயன் மருத்துவரின் கடமை. அத்திட்டப்படி பயிற்சி அளிப்பதும், மாற்றத்தைக் கவனித்து அறிவிப்பதும் உதவியாளரின் கடமை. உதவியாளர் என்றதும் எடுபிடி என்று எண்ணுவது நம் சமுதாயத்தின் பழைய நோய். உழைக்கும் கையை ஒரு படி தாழ்த்தி வைக்கும் அந்நோய்க்கும் மருந்து தேட வேண்டும் அன்றோ!

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். திருகோணமலையில் உலகப் புகழ்பெற்ற துறைமுகம் உண்டு. பெரிய வைத்தியசாலையும் உண்டு. ஆனால் ஈச்சிலம்பற்றிலிருந்து அங்கே செல்ல, மூதூர் வந்து கொட்டியாரக் குடாவைப் படகிற் கடக்க வேண்டியிருந்தது. தரைவழியாயின், நம்மவர் ‘பாதை’ என வழங்கும் மிதவைகளுக்காகத் துறைதோறும் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. ஏனைய துறைகள் அதற்குப் பின்னரே பாலம் பெற்றன. முறிந்த எலும்பைக் கட்ட ஒருமுறை ஆறு கடக்கலாம். முழங்காலை நிமிர்த்த நாள்தோறும் கடக்க இயலுமோ?

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கிற்று. 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதை ஒட்டிப் போர் மூண்டது. ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடினர். மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்குப் பெயர்ந்தனர். மாவிலாற்று நீரை நம்பிய சிங்கள விவசாயிகளின் வயல்களும் வாடின. எறிகணை எலும்பை முறிக்கும்போது இனம் கேட்பதில்லை.

போர் ஓய்ந்தபின்னும் முடக்கம் ஓயவில்லை. இலங்கையில் இளம்பிள்ளைவாதம் 1993க்குப் பின் காணப்படவில்லை; அது தடுப்பு மருந்தின் வெற்றி. ஆனால் உயர்ந்த குருதியமுக்கத்தின் வழியே பாரிசவாதம் வருகிறது. செயலிழந்த கையைப் பிடித்திழுத்துத் தூக்கும் அன்பு நிறைந்த மகன், தான் தந்தையின் தோள்மூட்டைக் காயப்படுத்துவதை அறியான். மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்த இளைஞன், கட்டு அவிழ்த்தபின் மூட்டு இறுகி நொண்டுகிறான். நெல்மூட்டை சுமந்தவர் இடுப்புவலியோடு கிடக்கிறார். பிறவியிலேயே மூளைப் பாதிப்புற்ற குழந்தையின் தாய் அதைத் தன் வினைப்பயன் என்று நம்பித் தனியே அழுகிறாள். இவர்கள் எல்லோருக்கும் தேவை, கிட்ட இருக்கும் பயிற்சி பெற்ற கை.

சட்டம் இல்லாமலில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமை உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆயின் காகிதத்திலுள்ள உரிமை முழங்காலை நிமிர்த்தாது. உலக சுகாதார நிறுவனம் 1989இலேயே வலுவிழந்தோரைத் தம் ஊரிலேயே பயிற்றுவதற்கான கைந்நூலை வெளியிட்டது. குடும்பத்தினரும் அயலாரும் எளிய பயிற்சிகளைக் கற்று அளிக்கலாம் என்பதே அதன் சாரம்.

ஆசிரியர் என்ற முறையில் நாம் ஒன்று அறிவோம். உயர்தரம் வரை படித்து வேலையின்றி நிற்கும் பிள்ளைகள் இவ்வூர்களில் உளர். அவர்களைத் தெரிந்து, தகுந்த பயிற்சியும் மதிப்பான ஊதியமும் தந்து, இயன் மருத்துவரின் மேற்பார்வையில் அவரவர் ஊரிலேயே அமர்த்துவது ஆகாத காரியமா? தமிழும் சிங்களமும் பேசும் அக்கைகள் மூவினத்து முற்றங்களிலும் நுழையுமே!

நடத்தல் என்பது வெறும் உடலசைவன்று. உழவனுக்கு அது வயல். மீனவனுக்கு அது கடல். குழந்தைக்கு அது பள்ளிக்கூடம். மண்சுவரில் தொங்கும் அந்தக் கால் தருமமாகக் கொடுக்கப்பட்டது. அதை அணிந்து அவர் வரப்பில் நடக்கும் நாளே அது உரிமையாகும். அந்நாளை ஆக்குவது நம் அனைவரின் கடமை.