இரத்தப் புற்றுநோயை வென்ற வழி

இரத்தப் புற்றுநோயில், முதிராத வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையில் கட்டின்றிப் பெருகுகின்றன. இந்நோயுற்ற 16 குழந்தைகளுக்குப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்தார். 10 பேர் தேறியதாக 1948இல் அறிவித்தார். மருந்தை ஆக்கியது, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகத சுப்பாராவின் குழு.

ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. ஏன்? மருந்துக்குத் தப்பிய அணுக்கள் மீண்டும் பெருகின. இரத்தத்தில் கலந்த மருந்து எளிதில் எட்டாத மூளை உறைகளிலும் அவை பதுங்கியிருந்தன.

மெம்ஃபிஸ் நகரின் செயிண்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கெல் குழுவினர் 1962 முதல் புதுமுறையை ஆராய்ந்தனர்: பல மருந்துகள் சேர்த்து, மூளைக்குத் தனிச் சிகிச்சை, நோய்க்குறி மறைந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் மருந்து. 1967இன் இறுதியில் தொடங்கிய ஐந்தாம் ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர் குணமடைந்தனர். இன்று வளர்ந்த நாடுகளில், குழந்தைகளை மிகுதியாகத் தாக்கும் இவ்வகை நோயில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றினாலும், மருத்துவர் கூறாமல் மருந்தை நிறுத்தலாகாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.